நடைச்சோதனை முடிந்தது

பதிவு 1
நாள் 212. காலை 07:10. வெண்குழி நிலையம், நிலவின் தென் துருவம்.
எழுதுவது: இளவெயினி, மின்னணுப் பராமரிப்பு.

ஆட்கள் இருவர். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. மனநிலை பற்றிப் படிவத்தில் கட்டம் இல்லை, ஆகவே தப்பித்தேன்.

இன்றைய வேலை: நிலையத்தின் பதினொரு ரீடர்களிலும் ரீஜன், அதாவது நாட்டுக்கு நாடு மாறும் அலைவரிசை அமைப்பை, மாற்றுவது. இதுவரை இந்திய அமைப்பு, 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ். இனிமேல் 920 முதல் 925. நிறுவனம் நிலையத்தில் பாதியை வேறு நாட்டுக் கூட்டாளிக்கு விற்றுவிட்டதாம். ஆகவே அந்த நாட்டு அலைவரிசைச் சட்டம் இங்கேயும் செல்லுமாம். இந்த அலைவரிசையை ஒட்டுக்கேட்க நிலவில் ஈ காக்கை கூடக் கிடையாது. இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

பதிவேட்டைப் புதிதாகப் படிப்பவருக்கு ஒரு வார்த்தை. ரீடர் என்பது சுவரில் பதித்த பெட்டி. அது ரேடியோ அலையை அனுப்பும். நம் மேலிருக்கும் டேக் அந்த அலையை வாங்கித் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். இங்கே கதவும் காற்றும் அந்த எண்ணை வைத்துத்தான். டேக் தெரிந்தால் கதவு திறக்கும். நிலையத்தில் ஒரு டேக்கும் தெரியாவிட்டால், ஆளில்லை என்று முடிவுகட்டிக் காற்றை உறிஞ்சித் தொட்டிக்குள் போட்டுக்கொள்ளும். ஆளில்லாத இடத்துக்குக் காற்று எதற்கு என்று கணக்குப் பார்த்த புண்ணியவான் யாரோ.

பதிவு 2
நாள் 212. காலை 08:05.

ரெமிஜியுஸ் பனிவெட்டும் இயந்திரத்தோடு குழிக்குப் புறப்பட்டுவிட்டான். உடையில் எட்டு மணி நேரக் காற்று. 16:05 வரை தாங்கும்.

புறப்படும்போது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பத்தொன்பது நாளாக இப்படித்தான். வேலைக்கு வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிடுவோம். முன்பெல்லாம் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். எங்களோடு மூன்றாவதாகப் பூவண்ணன் இருந்தான். வெட்டும் இயந்திரத்தின் பல்சக்கரத்தில் சிக்கி இறந்தான். சக்கரத்தின் மேல் காப்புத் தகடு இல்லை. தகட்டை நான் மாட்டியிருந்தேன். வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று கழற்றியது ரெமி. ஆனால் விசாரணையில், இளவெயினி தகட்டை மாட்டவே இல்லை என்று கூசாமல் சொன்னான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பூவண்ணனைத் தூக்கிவந்தது நான். அந்த ரத்தக்கறைக்காக என் வெளியுடையையும் சான்றுப்பொருள் என்று மூட்டை கட்டிப் பூமிக்கு எடுத்துப்போய்விட்டார்கள். மாற்று உடை அடுத்த கப்பலில் வருமாம். அதுவரை நான் இந்தத் தகரக் குடத்துக்குள்.

பதிவு 3
நாள் 212. காலை 10:25.

பதினொரு ரீடரிலும் ரீஜன் மாற்றப்பட்டது. கையிருப்பில் இருந்த இரண்டு உதிரி மாட்யூல்களிலும் மாற்றப்பட்டது. அனுமதித்த அளவில் உச்சத் திறன். எல்லா அறையிலும் டேக் மூன்று மீட்டரில் தெரிகிறது.

நடைச்சோதனை முடிந்தது. ஆட்கள்: இருவர்.

நிரந்தர நினைவகத்தில் சேமித்துப் பூட்டினேன். திறவுகோல் பூமியில் இருக்கும் தரைக் கட்டுப்பாட்டிடம். வேலை முடிந்தது.

பதிவு 4
நாள் 212. பகல் 12:50.

ரெமி திரும்பிவிட்டான். வெளிக்கதவு திறக்கவில்லை.

முதல் ஒலிபரப்பு, பொது வழி. தரையும் கேட்கும்.

"நிலையம், ரெமி பேசுதேன். கதவு தொறக்கல. ரீடர்ல பச்சை விளக்கே வரல."

பத்தொன்பது நாளில் அவன் குரலை இப்போதுதான் கேட்கிறேன். கொஞ்சம் பின்னால் போய் மறுபடி வரச் சொன்னேன். வந்தான். திறக்கவில்லை. திரையில் பார்த்தேன். வெளியே ஆள்: பூச்சியம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவுக்கு நேரே கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான்.

பதிவு 5
நாள் 212. பகல் 13:20.

கண்டுபிடித்துவிட்டேன். எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ரீடரில் எதை மாற்றினாலும் சேமிப்பதற்கு முன்னால் நடைச்சோதனை. ஒருவர் திரை முன்னால் நிற்க, மற்றவர் வெளியுடையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நடந்து வருவார். அதற்குப் பிறகே சேமிப்பது. அதற்கு ரெமியை நான் கூப்பிட வேண்டும். தட்டில் சீட்டு வைத்திருந்தால் கூடப் போதும். வைக்க மனம் வரவில்லை. அவன் குழிக்குப் போகும்வரை காத்திருந்துதான் வேலையையே தொடங்கினேன். என் கைப்பட்டையை வைத்துக்கொண்டு நானே அறை அறையாக நடந்தேன். எல்லாம் தெரிந்தது. இருவர் என்று எழுதிவிட்டேன். பொய். பதிவு 3-இல் இருப்பது பொய்.

கைப்பட்டை டேக் துணியில் தைத்தது. எந்த ரீஜனிலும் பேசும். ரெமியின் பட்டை உடைக்குள்ளே அவன் கையில் இருக்கிறது, உடையின் உலோக உறையைத் தாண்டி அலை போகாது. வெளியுடையின் டேக் துணி டேக் போலல்ல. மார்புத் தகட்டுக்கு உள்ளே, உலோகத்தின் மேல் ஒட்டியது. உலோகத்தின் மேல் ஒட்டும் டேக்கை ஒரே அலைவரிசைக்கென்று அளந்து வெட்டுவார்கள். அவனுடையது 866-க்கு வெட்டியது. 920-இல் அது செவிடு. நாலு விரற்கடை தூரத்தில் வைத்தால் கேட்கலாம். வெளிக்கதவின் ரீடரோ தடித்த கண்ணாடிக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு மேல் இருக்கிறது. பனிப்பெட்டி மேல் ஏறி மார்பை ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். இன்னும் ஒரு முழம் இடைவெளி.

இரண்டு கதவுக்கும் நடுவில் இருப்பது இடையறை. அவசர நெம்புகோல் அதற்குள்ளே இருக்கிறது. அதை இழுத்தால் வெளிக்கதவு திறந்துவிடும். இழுப்பவருக்கு வெளியுடை வேண்டும். ரீடரை உடைத்தால் தீ விபத்து என்று நினைத்து எல்லாக் கதவும் இறுகிவிடும். உதிரியைப் பொருத்தலாமென்றால், அந்த இரண்டையும் அக்கறையாக மாற்றிப் பூட்டி வைத்தவளும் நான்தான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

பதிவு 6
நாள் 212. பிற்பகல் 13:55.

தரையிடம் ரீஜன் திறவுகோல் கேட்டேன். பணியில் இருப்பவர் சக்கரபாணி. அவர் சொன்னது அப்படியே:

"மேடம், கீ என்கிட்ட இல்ல. அலைவரிசைப் பிரிவு அதிகாரி கையெழுத்து போடணும். அவர் லீவு, திங்கக்கிழமைதான் வருவார். நான் மெயில் போட்டிருக்கேன்."

வெளியே ஒரு ஆள் நிற்கிறான், இரண்டு மணி நேரக் காற்றுதான் இருக்கிறது என்றேன்.

"உங்க ரிப்போர்ட்ல நடைச்சோதனை முடிஞ்சது, ரெண்டு பேர்னு இருக்கே மேடம். அப்ப சிஸ்டம் சரியாத்தானே இருக்கு?"

நான் எழுதியது பொய் என்று சொன்னேன். அவர் கேட்டார்:

"நீங்களும் ரெமிஜியுஸும் பேசிக்கறதில்லன்னு விசாரணைக் குறிப்புல இருக்கு. இது தெரியாம நடந்ததுதானே மேடம்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நம்மையே திருடி என்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அதைவிட எரிச்சல், அவர் கேட்டதில் தப்பே இல்லை என்பது.

பதிவு 7
நாள் 212. பிற்பகல் 14:40.

ரெமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பொது வழி அல்லவா.

"ஏட்டி, வேணும்னேதான செஞ்ச? நான் வெளிய போற வரைக்கும் காத்துக் கெடந்து செஞ்சிருக்க. என்னைக் கொல்லதுக்குத்தான?"

நான் சொன்னது:

"வேணும்னு பண்ணல ரெமி. உங்கூடப் பேசப் புடிக்காம சோதனைய உட்டுப்போட்டேன். அவ்வளவுதான். கத்தாத, காத்து வீணாப் போகும்."

அவன் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கதவை இரும்புக் கம்பியால் அடித்தான். அடிப்பது இங்கே காதில் விழாது, உள்ளங்கையை வைத்தால் தரையில் அதிர்வு தெரியும். தெரிந்தது. அப்புறம் அழுதான். அப்புறம் இதைச் சொன்னான்:

"சரி. ஒனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். தரை, கேட்டுக்கோங்க. காப்புத் தகட்டக் கழட்டுனது நான்தான். அவ மாட்டித்தான் வச்சிருந்தா. பூவண்ணன் கழட்டாதீங்கன்னு சொன்னான், நான் கேக்கல. போதுமாட்டி? எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. கதவத் தொற."

பத்தொன்பது நாளாக எந்தச் சொல்லுக்காக நான் தூங்காமல் கிடந்தேனோ, அந்தச் சொல். இந்த நேரத்தில், இந்த விதத்தில். நான் அவனை மிரட்டி வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு கொடுக்கிறான். கொடுத்தும் கதவைத் திறக்க என்னால் முடியவில்லை. "என்னால முடியலடா" என்று கத்தினேன். அதையும் தரை பதிவு செய்திருக்கும்.

பதிவு 8
நாள் 212. பிற்பகல் 15:08.

சக்கரபாணி மறுபடி வந்தார். ரெமி சொன்னது வற்புறுத்தலில் சொன்னதா என்று சட்டப் பிரிவு ஆராயுமாம். திறவுகோல்? திங்கட்கிழமை.

ரெமிக்கு இன்னும் ஐம்பத்தேழு நிமிடம். ஒரே ஒரு வழி இருக்கிறது. அரை மணி நேரமாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஆய்வறையில் மாதிரிக் குழாய் இருக்கிறது. வெளியே வெட்டும் பனிக்கட்டியை உள்ளே வாங்குகிற கையகலக் குழாய். இரு முனையிலும் கையால் திருகும் மூடி. ரீடர் கிடையாது. என் கைப்பட்டையை அதன் வழியாக வெளியே அனுப்பலாம். அவன் அதைக் காட்டினால் கதவுக்கு நான் வெளியே நிற்பதாகத் தெரியும். திறந்துவிடும்.

ஆனால் பட்டை போன பிறகு உள்ளே ஆள் பூச்சியம். ஐந்து நிமிடத்தில் உறிஞ்சத் தொடங்கும். அதற்கப்புறம் பத்து நிமிடத்துக்குள் மூச்சு விட முடியாமல் போகும். அவசர முகமூடி இன்னொரு பத்து நிமிடம் தாங்கும். இடையறையில் காற்று நிரம்பி உள்கதவுக்கு வரப் பதினாலு நிமிடம். உள்கதவு ரீடரில் பட்டை தெரிந்த நொடி, ஆள் ஒன்று என்று கணக்கு ஏறி, காற்று திரும்ப வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கைவசம் ஏழெட்டு நிமிடம் மிச்சம் இருக்கிறது.

அவனுக்காகச் செய்யவில்லை. என் வீம்பு ஒருவனைக் கொன்றது என்று இருக்கக்கூடாது. உயிரோடு உள்ளே வரட்டும், முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்கிறேன்.

பட்டை போனால் திரை என்னை யாரென்று கேட்கும். ஆகவே இதுவரை எழுதியதைப் பனிக்கட்டிக்குப் பெயர் ஒட்டுகிற சீட்டில் அச்செடுத்துக்கொண்டேன். இனிமேல் அதன் பின்பக்கத்தில் பென்சில்.

15:29. பென்சில்.

ரெமியிடம் சானல் இரண்டில் சொன்னேன். அது எங்கள் இருவருக்குமான சின்ன வழி, தரைக்குக் கேட்காது. சும்மா பொதுவழியை நிரப்ப வேண்டாமென்று. சொன்னது:

"எம் பட்டைய அனுப்பறேன். வாசல்ல காட்டு, தொறக்கும். நீ உள்ள வர்ற வரைக்கும் எனக்குக் காத்து இருக்காது. சித்த வேகமா வா."

அவன்: "ஏமாத்துத."

நான்: "வேற என்ன வழி இருக்குது உனக்கு?"

பட்டையைக் குழாயில் போட்டுத் திருகினேன். அவன் எடுத்துவிட்டான்.

15:31.

வெளிக்கதவு திறந்தது. உள்ளே நுழைந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிக்கதவு மூடியது. இங்கே திரை அணைந்துவிட்டது. விளக்கு பாதி.

15:34.

உறிஞ்சத் தொடங்கிவிட்டது. காது அடைக்கிறது. உள்கதவின் கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முகமூடியை இப்போது போடக்கூடாது. முடிந்தவரை இழுக்க வேண்டும். குளிர். அறைக்குள் மெல்லிய மூடுபனி கிளம்புகிறது.

15:42.

முகமூடி போட்டுவிட்டேன். எழுத்து கோணுகிறது, மன்னிக்க. விரல் வீங்கியிருக்கிறது. இடையறையில் காற்று நிரம்புகிறது, முள் ஏறுகிறது. இன்னும் மூன்று நிமிடம். ரெமி என்னைப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே யோசிக்கிறான்.

15:45.

இடையறை நிரம்பிவிட்டது. பச்சை. பட்டை கையில் இருந்தால் கதவு இந்நேரம் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ரெமி பட்டையைக் கருவிப்பெட்டிக்குள் போட்டு மூடியை அழுத்தினான். இரும்புப் பெட்டி. அதற்குள் இருக்கும் டேக்கை எந்த ரீடரும் பார்க்காது. இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், வந்த முதல் வாரம்.

சானல் இரண்டில்:

"இளவெயினி, சொல்லுதேன் கேளு. நான் சொன்னது தரையில பதிஞ்சிட்டு. கோர்ட்டுக்குப் போனா நான் உள்ளதான். பொதுவழியப் போடு. தகடு நான்தான் மாட்டலன்னு சொல்லு. ரெமி சொன்னது பயத்துல சொன்னதுன்னு சொல்லு. சொல்லிட்டா பெட்டியத் தொறந்துருதேன். பிள்ளைங்க மேல சத்தியமாத் தொறந்துருதேன்."

15:47.

தரையிடம் உண்மையைச் சொல்லலாமா. சொன்னால் தரையால் எந்தக் கதவையும் திறக்க முடியாது. அவனுக்கு மட்டும் கேட்டுவிடும். ஐந்து நிமிடக் காற்று.

சொல்லிவிட்டேன். பொதுவழியில். முகமூடிக்குள்ளிருந்து. அப்படியே:

"தரைக்கு. காப்புத் தகட்ட நாந்தான் மாட்டலைங்க. ரெமி சொன்னது பயத்துல சொன்னது."

சக்கரபாணி: "பதிவு பண்ணிட்டோம் மேடம். உங்க குரல் சரியா கேக்கல, ஆனா பதிவாயிருச்சு."

நான் மாட்டினேன். எட்டுத் திருகாணி, ஒவ்வொன்றும் என் கையால். வாயால் சொன்னது காற்றுக்காக. காகிதத்தில் இருப்பதைப் படியுங்கள்.

15:49.

திறக்கவில்லை.

பெட்டி மடியில். மூடி மேல் இரண்டு கையும். திற திற என்று கண்ணாடியைத் தட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சானல் இரண்டில்:

"நாளைக்கு நீ மாத்திச் சொல்லிருவ."

இல்லை என்றேன். சத்தியம் என்றேன். அண்ணா என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, அண்ணா என்று கூப்பிட்டேன்.

அவன் சொன்னது சரி. உயிரோடு இருந்தால் மாற்றித்தான் சொல்வேன். அதை அவன் என் முகத்தில் படித்துவிட்டான். இன்னும் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்தால் போதும் அவனுக்கு. ஒன்றும் செய்யவே வேண்டாம். பிறகு பெட்டியைத் திறப்பான். கணக்கு ஏறும், காற்று வரும். தன் பட்டையைக் கொடுத்து அவனைக் காப்பாற்றிய தியாகி என்று என்னைப் பற்றி அழுதுகொண்டே சொல்வான். தரை நம்பும்.

15:51.

முகமூடியின் காற்று முள் சிவப்பில்.

ஆய்வறைத் தரையில் தவழ்ந்து வந்தேன். இங்கிருந்து கண்ணாடி தெரிகிறது, அவனுக்கு என் கை தெரியாது. பூமிக்குப் போகிற பனிமாதிரிக் குப்பி, எண் 77, கையருகே இருக்கிறது. உள்ளே இருக்கும் பனிக்கட்டியின் நடுவில் துளை உண்டு. சீட்டை அதற்குள் போட்டு மூடி திருகி முத்திரை வைத்தால் பூமியில் ஆய்வகத்தில்தான் உடைப்பார்கள். அவன் தூக்கி ஏற்றுவான், திறக்கமாட்டான்.

படிக்கிறவர் யாரோ. பூவண்ணன் வீட்டில் சொல்லுங்கள். தகடு இருந்தது. கழற்றியது ரெமிஜியுஸ். நடைச்சோதனை நான் செய்யவில்லை, பொய் எழுதினேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒன்றை விட்டுவிட்டுச் சொல்லாதீர்க

சுருட்டுகிறேன். அங்கே அவன் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறான்.